ஏற்ற இறக்கம் அதிகம்

லாரிக்காரர்கள் நிரப்பிய தாள்களின் கட்டை அறிவுச்செல்வி ஜெபமலரின் மேசையில் வைக்கவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள்.

"இத வேற கடையில குடுத்துக்கறனுங்கக்கா. மஞ்சமண்டிக் கட்டையும் காலேஜ் கட்டையும் நீங்க முடிச்சுக் குடுத்ததே போதும்."

"எதுக்கு?"

"இல்லீங்க... ஆரோன் அண்ணனோட தாளும் இதுக்குள்ளதான் இருக்கும்."

ஜெபமலர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடையில் அவள் தமிழ் டைப்பிங் செய்ய உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. கிரயப் பத்திரம், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எதை அடித்தாலும் அவளுக்குக் கை ஒரே மாதிரிதான் ஓடும். நாலு மாதத்துக்கு முன்னால், தை மாதக் கடைசியில், தன் புருஷன் ஆரோனுக்கான கண்ணீர் அஞ்சலியையும் அவளேதான் அடித்தாள். கடைக்காரர் தீனதயாளன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். வேறு ஆள் அடித்தால் எழுத்துப் பிழை வரும் என்று சொல்லிவிட்டு அடித்தாள். அதற்குப் பிறகு எதுவுமே பெரிதாகப் படவில்லை.

"வை சாமி. நான் அடிக்கறேன்."

அறிவுச்செல்வி எருமப்பட்டிக்காரி. சேலத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் எல்லோரும் வெங்காயக் காட்டில் நிற்க, இவள் மட்டும் மூன்று வருஷமாகச் சந்தோஷத்தை அளந்துகொண்டிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும்.

போன வருஷம் முதல் தடவையாகக் கடைக்கு வந்தபோது அவள்தான் ஜெபமலருக்கு விஷயத்தை விளக்கினாள்.

"மனுசருக்குச் சந்தோசம் ரெண்டு வகையா இருக்குதுங்கக்கா. ஒண்ணு உள்ளுக்குள்ளயே தங்கிக் கெடக்கறது. வெளிய என்ன நடந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். இன்னொண்ணு, நெனச்சது கெடச்சா ஏறும், கெடைக்கலைன்னா எறங்கீரும். யாருகிட்ட எது எவ்வளவு இருக்குதுன்னு பாக்க வெளிநாட்டுல கேள்வித்தாள் பண்ணியிருக்கறாங்க. அதத் தமிழுக்குக் கொண்டாந்தா நம்ம சனத்துக்கும் சரியா அளக்குதான்னு பாக்கறதுதானுங்க என்ர வேலை."

முதல் பகுதி தங்கியிருக்கும் மகிழ்ச்சிக்கு. இரண்டாவது பகுதி மாறிக்கொண்டே இருக்கும் மகிழ்ச்சிக்கு. பகுதிக்குப் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். துளியும் பொருந்தவில்லை என்றால் ஒன்றைச் சுழிக்க வேண்டும், முழுக்கப் பொருந்தினால் ஏழை.

பேராசிரியர்கள் கூடி மொழிபெயர்த்துக் கொடுத்த தாளில் இரண்டாம் பகுதி முழுக்க 'அலைவுறு மகிழ்ச்சி' என்று இருந்தது. ஜெபமலருக்கு அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"இது யாருக்குப் புரியும் செல்வி?"

"எனக்கே புரியலீங்க. வேற என்ன போடறது?"

"பேப்பர்ல தினமும் வருதே, தங்கம் விலையில ஏற்ற இறக்கம்னு. அதப் போடு. எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை."

அறிவுச்செல்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேராசிரியர்களும் ஒத்துக்கொண்டார்கள். 'என் மகிழ்ச்சியில் ஏற்ற இறக்கம் அதிகம்' என்பது முதல் கேள்வி. அடுத்த எட்டுக் கேள்விகளில் 'மகிழ்ச்சி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாமல் 'ஏற்ற இறக்கம்' என்று மட்டும் சுருக்கினார்கள். பத்தாவது கேள்வியில் மட்டும் அந்த வார்த்தை வரவில்லை.

வார்த்தை முடிவான அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது ஜெபமலர் ஆரோனிடம் இதைச் சொன்னாள். அவன் ஒரே முதலாளியிடம், சங்ககிரியில், இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாட்களில் நிதானமாகச் சாப்பிடுவான்.

"டீசல் டேங்குல குச்சி உட்டுப் பாக்கறாப்பல மனசுக்குள்ள குச்சி உட்டுப் பாக்கறாங்களாக்கும்," என்றான். "எவ்வளவு நிக்குதுன்னு."

"கேலி பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு உங்க லாரி ஸ்டாண்டுக்கும் வரப்போகுது."

"வரட்டும். அதென்ன ஏத்தம் எறக்கம்?"

"மனசுங்க. ஒரு நேரம் ஏறி இருக்கும், ஒரு நேரம் இறங்கிடும்."

"அது எதுக்கு எறங்கோணும்? ஏறுனா அங்கயே உக்காந்துக்க வேண்டீதுதான்." ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டான். "நாங்க எழுதிக் குடுக்கறதையும் நீதான் அடிப்பியா?"

"நான்தான்."

"அப்படீன்னா பாத்துத்தான் எழுதோணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் குடோன் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வரிசை நகர்ந்தது. அவன் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். வெகுநேரம் அடித்தார்களாம். கடைசியில் ஒருவர் இறங்கி வந்து கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டீயரிங்கில் கைவைத்துத் தூங்குவதைப் போலவே இருந்திருக்கிறான். மாரடைப்பு என்றார்கள்.

வண்டியிலிருந்த அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அடியில் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இருந்தன. பிரிக்காத அட்டைகள். மூன்று மாதத்து மாத்திரை அப்படியே இருந்தது. வீட்டில் இருக்கும் நாளில் அவள் எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டவன், ரோட்டில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும், வண்டியை ஓரங்கட்ட வேண்டும், அதனால் பாதி டிரைவர்கள் போடமாட்டார்கள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் சோபியா அட்டைகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"அப்பாவுக்கு வாழப் பிடிக்காமப் போச்சாம்மா?"

அதற்குப் பின் சோபியா அதைப் பேசவில்லை. ஜெபமலரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, குழாயடியில் குடம் நிறையும்போது, அந்தக் கேள்வி மட்டும் வந்து பக்கத்தில் நிற்கும். முப்பது வருஷம் கூட இருந்தவள்தான். இருந்தும் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவன் நல்லா இருக்கேன் என்றும் சொன்னதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், "ஓடுதுங்க" என்பான்.

அதனால்தான் இந்தக் கட்டை அவளே வாங்கி வைத்தாள். அவனிடம் ஒருவர் உட்கார வைத்துக் கேட்டு, அவன் கைப்பட பதில் எழுதியது இந்த ஒரு தாளில்தான்.

நூற்றுப் பத்துத் தாள்கள். பெயர் எழுதக் கூடாது என்பதால் தாளின் மேலே 'எண்' என்று மட்டும் போட்டுக் கோடு விட்டிருந்தார்கள். அறிவுச்செல்வி தானே வரிசை எண் போடலாம் என்று விட்டிருந்த இடம். எண் என்று பார்த்ததும் டிரைவர்கள் அத்தனை பேரும் தங்கள் லாரி நம்பரை எழுதி வைத்திருந்தார்கள்.

"அந்த நம்பர அடிக்காதீங்கக்கா," என்று அறிவுச்செல்வி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "ஒண்ணு ரெண்டுன்னு போட்டுக்கங்க. பதில் எழுதாம உட்டிருந்தா தொண்ணூத்தொம்பதுன்னு அடிங்க. ஒரே கேள்விக்கு ரெண்டு எண்ணச் சுழிச்சிருந்தாலும் தொண்ணூத்தொம்பது. கம்ப்யூட்டர் அதத் தள்ளீரும். மொதப் பகுதியில எல்லாருமே நல்லதாத்தானுங்க போடுவாங்க. கேக்கற ஆளு முன்னால கொறைய ஒத்துக்க மாட்டாங்க. உள்ள இருக்கறது ரெண்டாவது பகுதியிலதான் தெரியும்."

மஞ்சள் மண்டிக்காரர்கள் தாள்களில், நாமகிரிப்பேட்டைப் பெண்கள் இரண்டு, ஐந்து, மூன்று, ஆறு என்று கலந்து சுழித்திருந்தார்கள். லாரிக்காரர்கள் தாள்களில் இரண்டாவது பகுதி வந்தால் ஏழு ஏழு ஏழு என்றே போனது. பத்துத் தாள் அடித்தாள். இருபது அடித்தாள். ஏழுதான். ஒரு நாளைக்கு நூறு பேர் கடை வழியாகப் போகிறார்கள், டீ குடிக்கிறார்கள், பல் குத்துகிறார்கள். இத்தனை பேருக்கும் உள்ளே இப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறதா என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அறுபத்து மூன்றாவது தாளில் அந்த நம்பர் வந்தது. டி.என். 52. கடைசியில் 4417. நாலை மூடாமல் எழுதும் அவன் கை.

முதல் பகுதியில் ஐந்தும் ஆறுமாகப் போட்டிருந்தான். அதை அவள் நிறுத்திப் படிக்கவில்லை. தாளைத் திருப்பினாள்.

இரண்டாவது பகுதி ஒரே கிறுக்கலாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏழைச் சுழித்து, அதன் மேல் குறுக்கே பேனாவால் அடித்து, பக்கத்தில் இரண்டு, மூன்று, நாலு என்று வேறொன்றைச் சுழித்திருந்தான். சில இடத்தில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருந்தான். ஒன்பது கேள்விக்கும் இப்படியே. பத்தாவதில் மட்டும் அடித்தல் இல்லை.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் எழுதியது மனசில் இருந்தது. பிறகு, இதை அடிக்கப்போவது பெண்டாட்டி என்று நினைவு வந்திருக்கிறது. பாத்துத்தான் எழுதோணும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்து மறைத்திருக்கிறான். ஏழு. ஒன்பது தடவை ஏழு. அப்படி ஒரு மனசோடு வீட்டுக்கு வந்து அவள் கையால் சாப்பிட்டு, குழம்புக்கு உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். மாத்திரை அட்டையைப் பைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான்.

சோபியாவுக்கு என்ன சொல்வது?

திரும்ப வந்து உட்கார்ந்தபோது சின்னுசாமி கடைக்குள் நுழைந்தான். ஆரோனோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன். லைசென்ஸைப் புதுப்பிக்க ஜெராக்ஸ் வேண்டும் என்று தீனதயாளனிடம் நீட்டிவிட்டு இவள் மேசைப் பக்கம் வந்தான்.

"என்னுங்கக்கா, பரிச்சப் பேப்பர் திருத்தறாப்பல இருக்குது. இது நாங்க எழுதுனதுதான? நானு பாஸுங்களா?"

"எல்லாருமே ஏழுக்கு ஏழு. உங்களுக்கெல்லாம் மனசு இப்படியா ஏறி இறங்குது சின்னுசாமி?"

"மனசா? அது எங்கீங்க வந்துச்சு?"

"இதுல கேட்டிருக்கே. ஏற்ற இறக்கம் அதிகமான்னு."

"அது லோடுங்கக்கா. ஏத்தறதும் எறக்கறதும் நெறைய இருக்குதான்னு கேட்டிருந்தாங்க. நெறையன்னு போட்டோம். அதென்னமோ மகிழ்ச்சின்னு போட்டிருந்துச்சு, லோடு இருந்தா மகிழ்ச்சிதானுங்க. ஏற்ற இறக்கத்தால களைப்பு வருதான்னு ஒரு கேள்வி. வராம என்ன பண்ணும்? ஒரு நாளைக்கு ஏத்தி எறக்கிப் பாக்கச் சொல்லுங்க கேட்டவங்கள. கவருமெண்டுல சுமைகூலி ஆளு போட்டுக் குடுக்கறதுக்குக் கணக்கெடுக்கறாங்கன்னு எங்க ஸ்டாண்டு டிரைவர் சடையன் வேற சொல்லிப்போட்டான். அவன் ஏழுக்கு மேல எட்டு இல்லியான்னு கேட்டானுங்க."

தீனதயாளன் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். ஜெபமலர் சிரிக்கவில்லை. லாரிக்காரன் பெண்டாட்டி. முப்பது வருஷம். வீட்டில் ஏத்தறதும் எறக்கறதும்தான் பேச்சே. அவளுக்குத் தங்கம் விலைதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

கவிழ்த்து வைத்த தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பினாள். காட்டக் கூடாது என்பது தெரியும். காட்டினாள்.

"இது?"

சின்னுசாமி நம்பரைப் பார்த்தான்.

"அண்ணன் வண்டிங்க."

"எதுக்கு இப்படி அடிச்சு அடிச்சு எழுதியிருக்காரு? உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நானும்தான பக்கத்துல இருந்தேன். நாங்கெல்லாம் குடுத்துப்போட்டு டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். அண்ணன் கடசி. குடுக்கப் போனவரு திடீர்னு தலையில அடிச்சுக்கிட்டு, 'அட, மலரு சொன்னது இதில்லியே'ன்னாரு. இது லோடு இல்லீங்கப்பா, மனசு ஏறி எறங்கறதக் கேக்கறாங்கன்னாரு. லாரி ஓட்டறவனுக்கு மனசெதுக்குங்ணான்னு சடையன் கேட்டான். ஒரே சிரிப்பு. மறுக்கா வாங்கி எழுதிக் குடுங்கப்பான்னு எல்லாருகிட்டயும் கேட்டாரு. யாரு கேட்டா? லோடு வந்திருச்சுன்னு போன் வந்துச்சு, கெளம்பீட்டோம். அவரு மட்டும் உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சு எழுதுனாரு. டீ ஆறிப்போச்சுங்க."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஏனுங்ணா இத்தன நேரம்னு கேட்டேன். 'இதையும் அவதானப்பா அடிக்கோணும், தப்பாக் குடுத்தா ஊட்டுல சோறு கெடைக்காது'ன்னாரு." சின்னுசாமி ஜெராக்ஸை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்தான். பிறகும் போகாமல் நின்றான். "நல்ல மனுசனுங்கக்கா," என்றான். "வாரேனுங்க."

அவன் போனபின் ஜெபமலர் தாளைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை அடித்த ஏழுகளை விட்டுவிட்டுப் படித்தாள். இரண்டு. மூன்று. இரண்டு. இரண்டு. மூன்று. களைப்புக்கு மட்டும் நாலு. அவனுடைய "ஓடுதுங்க" இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

பத்தாவது கேள்விக்கு வந்தாள். 'மனம் நிறைந்திருக்கும் நேரத்தில்கூட, இது நீடிக்காது என்ற பயம் எனக்குள் இருக்கிறது.'

ஏழு. ஒரே சுழிப்பு. எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்தியவன், அடிக்கப்போவது யார் என்று தெரிந்தவன், இதைத் தொடவில்லை.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சாலையில் ஏதோ ஒரு லாரி கியர் மாற்றிப் போனது. தீனதயாளன், "மலரம்மா, வேணும்னா இன்னைக்கு நேரத்தோட கெளம்புங்க," என்றார்.

போனை எடுத்து அறிவுச்செல்விக்கு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

"எத்தன தாளுங்கக்கா?" என்றாள் அறிவுச்செல்வி.

"இரண்டாம் பகுதி நூத்தி ஒன்பது பேருக்கும் தப்பு. ஒருத்தர் மட்டும் சரியா எழுதியிருக்காரு."

"அந்த ஒருத்தரு..."

"ஆமா. ஆனா அதுல ஒன்பது கேள்விக்கு ரெண்டு எண் சுழிச்சிருக்கு. நீ சொன்னபடி பார்த்தா அதுக்குத்தான் தொண்ணூத்தொம்பது போடணும்."

அறிவுச்செல்வி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சரியா இருக்கறதத் தள்ளீட்டுத் தப்பா இருக்கறத வெச்சுப் பேப்பர் எழுதியிருப்பேன். சங்ககிரி டிரைவருங்க மனசு அப்படி அலையுதுன்னு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "மறுபடியும் மொதல்லேர்ந்து போகோணும். கைடு என்னத் தின்னே போடுவாரு."

"வார்த்தை நான் குடுத்தது, சாமி. உன்மேல ஒண்ணும் இல்ல. அவருகிட்ட நானே பேசறேன்."

"விடுங்க. நானும் ஒத்துக்கிட்டதுதான. இப்ப என்ன வார்த்தை போடறதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியல. ஸ்டாண்டுக்குப் போயி, ஒண்ணையும் எழுதாம, அவங்ககிட்ட பேசிப் பாரு. அதுக்கு அவங்க என்ன சொல்றாங்களோ அதக் கொண்டா. அடிச்சுத் தர்றேன்."

"சரிங்க." பிறகு தயங்கிக் கேட்டாள். "அண்ணன்கிட்ட மறுக்கா கேக்க முடியாதுங்கல்ல. அவரு தாள அப்படியே ஏத்தீருங்க. திருத்துனதப் பாத்து."

ஜெபமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுபத்து மூன்றாவது வரிசையில் அடித்தாள். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று, நாலு, இரண்டு, மூன்று, இரண்டு. ஏழு. இன்னொரு தடவை தாளோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு தாளைக் கட்டுக்குள் அதன் இடத்திலேயே சொருகி ரப்பர் பேண்டைப் போட்டாள்.

ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வழக்கம்போல் சோபியா போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டியா, பஸ் வந்துச்சா என்றெல்லாம் கேட்டு முடித்தபின் ஜெபமலர் சொன்னாள்.

"சோபி, அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. அப்பாவுக்கு வாழப் பிடிக்காமப் போச்சான்னு."

"அத விடும்மா. ஏதோ ஆத்திரத்துல கேட்டேன்."

"பிடிச்சுத்தான் இருந்திருக்கு."

"நீ எப்படிச் சொல்றே?"

"எழுதி வெச்சிருக்காரு. பயந்திருக்காரு. இருக்கறது போயிடுமோன்னு பயந்திருக்காரு."

சோபியா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏம்மா மாத்திரையப் போடல?"

ஜெபமலர் யோசித்துப் பார்த்தாள். பஸ் வளைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆட்கள் முன்னால் தள்ளிப் போனார்கள்.

"அத அதுல கேக்கல சோபி," என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள்.